காணி வழக்கில் எங்கள் பக்கம் போட்ட மறுமொழியில் "ஏற்றுக்கொள்ளப்படுகிறது" என்று போய்விட்டது. இனி மாற்ற முடியுமா?

கொக்குவில் மேற்கு:
வணக்கம். யாழ் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு காணி வழக்கு. நான் எதிராளி. வழக்காளி கனடாவில் இருக்கும் என் மாமாவின் மகன். அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் நடக்கும் அதிகாரப் பத்திரம்) வைத்திருக்கும் ஒருவர்தான் தவணைக்கு வந்து போகிறார். காணி 4 பரப்பு (யாழ்ப்பாண நில அளவு), வீடும் கிணறும் உண்டு. எங்களை எழுப்பித் தரும்படி கேட்கிறார்கள்.

அவர்களின் வழக்குரையில் மூன்று பந்திகள்தான் இப்போது என் தலைவலி. பந்தி 3: அம்மப்பா 1974இல் நன்கொடை உறுதி ஒன்றால் 4 பரப்பையும் மாமாவுக்கு எழுதினார். பந்தி 4: அன்று முதல் முழுக் காணிக்கும் மாமாவே உரித்தாளர். பந்தி 5: 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போன என் பெற்றோர், 1996இல் திரும்பி வந்தபோது மாமாவின் அனுமதியோடு அந்த வீட்டில் இருந்தனர்.

எங்கள் பழைய சட்டத்தரணி மறுமொழியில் ஒரே வரியில் "3, 4, 5ஆம் பந்திகள் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன, ஏனையவை மறுக்கப்படுகின்றன" என்று எழுதிவிட்டார். அதற்குக் கீழே, பத்து வருடத்துக்கு மேல் ஆண்டதால் காணி எங்களுக்கே உரியது என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு வாசித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் அம்மாவின் ஆட்டத்திவசத்துக்குப் பெட்டி கிளறியபோது 1972ஆம் ஆண்டுச் சீதன உறுதி ஒன்று அகப்பட்டது. அதே காணியின் கிழக்குப் பக்கம் 2 பரப்பை அம்மப்பா அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறார். மாமாவின் உறுதிக்கு இரண்டு வருடம் முந்தியது. இப்போது புதுச் சட்டத்தரணி. அந்த ஏற்பு முழுவதையும் மீளப்பெற வேண்டும் என்பதே என் விருப்பம். முடியுமா?

ரொறன்ரோக் குளிர்:
மாமா 22 வருடம் பனியில் வேலை செய்து வரி கட்டிய காணி அது. அனுமதி தந்தவனையே காணி இல்லாதவன் ஆக்கப் பார்க்கிறீர்கள். மன்னியுங்கள், எனக்கும் ஊரில் இப்படி ஒன்று இருக்கிறது, அதனால்தான் சூடாக வருகிறது.

முற்றத்து வேம்பு:
தம்பி, சூட்டை ஒருக்கா இறக்குங்கள். நான் நீதிமன்றப் பதிவறையில் முப்பது வருடம் கோவை கட்டியவன். முதலில் ஒரு கேள்வி: வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது? எழுவினா (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்) எடுத்தாகிவிட்டதா, இல்லையா? மற்றக் கதை எல்லாம் அதற்குப் பிறகு.

கொக்குவில் மேற்கு:
இன்னும் இல்லை ஐயா. முன்விளக்கத்துக்கு (வழக்கு விசாரணைக்கு முந்திய கட்டம்) முதல்முறை திகதி போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் 14. இன்றிலிருந்து 23 நாள்.

முற்றத்து வேம்பு:
அப்படியானால் உயிர் இருக்கிறது. 23 நாளை 22 நாள் என்று நினைத்து நடவுங்கள்.

கறுப்பு அங்கி:
யாழில் தொழில் செய்கிறேன். இது உங்கள் சட்டத்தரணிக்கான ஆலோசனை அல்ல, பொதுவான விளக்கம்.

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 93ஆம் பிரிவுதான் மறுமொழியைத் திருத்துவதற்கான வாசல். ஒரு காலத்தில் அது அகலத் திறந்து கிடந்தது. தீர்ப்புக்கு முந்திய நாள்வரை திருத்தம் கேட்பார்கள், செலவைக் கட்டச் சொல்லிவிட்டு நீதிமன்றமும் விடும். வழக்குகள் வருடக்கணக்கில் இழுபட்டதற்கு அதுவும் ஒரு காரணம். 1988இன் 79ஆம் இலக்கச் சட்டம் வாசலை ஒடுக்கியது, 1991இல் இன்னொரு திருத்தம் வந்தது. விளக்கத்துக்கு, அதாவது வழக்கு விசாரணைக்கு, முதலில் குறித்த நாளுக்கு முன் கேட்டால் நீதிமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு. அந்த நாளோ அதற்குப் பிறகோ கேட்டால், திருத்தத்தை மறுப்பதால் பாரதூரமான, பரிகரிக்க முடியாத அநீதி நேரும் என்று நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும், அதற்கான காரணத்தைப் பதிய வேண்டும். அதோடு, கேட்பவர் அசமந்தமாகக் காலம் கடத்தியவராகவும் இருக்கக் கூடாது. 2017இன் 8ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அந்த எல்லைக்கோடு இன்னும் முன்னுக்கு வந்துவிட்டது: முன்விளக்கத்துக்கு முதலில் குறித்த நாள். உங்களுக்கு அது 14ஆம் திகதி.

14க்குப் பிறகு போனால், "1972 உறுதி உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது, ஏன் இவ்வளவு நாளும் பார்க்கவில்லை?" என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் உள்ளவர்கள் குறைவு.

நாலாம் வருடம்:
அண்ணா, ஒரு சந்தேகம். நேரத்தோடு கேட்டால் திருத்தம் கிடைக்கும் என்பது சரி. ஆனால் இது வெறும் திருத்தம் இல்லையே, ஏற்பை மீளப்பெறுதல். மாரியம்மை எதிர் பேதுருப்பிள்ளை வழக்கில், என்ன காரணத்துக்காக ஏற்றாலும் ஏற்றவர் அதன்படியே நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களே? 21ஆம் தொகுதி புதிய சட்ட அறிக்கை, 200ஆம் பக்கம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது.

கறுப்பு அங்கி:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் அதன் மற்றப் பாதியையும் வாசியுங்கள். கீழ் நீதிமன்றத்தில் முறைப்படி கைவிட்ட ஒன்றை மேன்முறையீட்டில் வந்து வாதாட முடியாது என்பதே அங்கே பேச்சு. விளையாட்டு முடிந்தபின் ஆட்டவிதியை மாற்றக் கூடாது என்பது போல. இவரின் வழக்கில் ஆட்டமே தொடங்கவில்லை.

நேரடியாகப் பொருந்துவது உவைஸ் எதிர் புண்ணியவதி, இலங்கைச் சட்ட அறிக்கை, 1993இன் இரண்டாம் தொகுதி, 46ஆம் பக்கம். உயர் நீதிமன்றம். சட்டம் சார்ந்த வினாவில் செய்த ஏற்பைச் சில வேளை மீளப்பெறலாம், நிகழ்வு சார்ந்த (என்ன நடந்தது என்பது பற்றிய) ஏற்பை மீளப்பெற முடியாது என்று சொன்ன தீர்ப்பு. நாங்கள் எல்லோரும் கையில் வைத்திருக்கும் கத்தி அது. எதிர்த்தரப்பும் அதைத்தான் தூக்கும்.

அதனால் உங்கள் மூன்று பந்திகளையும் ஒரே மூட்டையாகப் பார்க்காதீர்கள். பந்தி 3, உறுதி எழுதப்பட்டது என்பது. அது நிகழ்வு. எழுதப்பட்டது உண்மையென்றால் ஏற்றதில் என்ன தவறு? 1974இல் அம்மப்பா ஒரு உறுதி எழுதினார், அவ்வளவுதான். பந்தி 4 அப்படி அல்ல. "முழுக் காணிக்கும் உரித்தாளர்" என்பது உறுதியிலிருந்து எடுக்கும் முடிவு. 1972இல் கொடுத்துவிட்ட 2 பரப்பை 1974இல் மறுபடி கொடுக்க அம்மப்பாவிடம் என்ன இருந்தது? தன்னிடம் இல்லாததை ஒருவர் கைமாற்ற முடியாது. இங்கேதான் சட்டம் சார்ந்த ஏற்பு என்று வாதாட இடம் இருக்கிறது.

பந்தி 5தான் முள்.

ரொறன்ரோக் குளிர்:
அது முள் இல்லை, உண்மை. அப்படித்தானே, கொக்குவில்? சாவியைக் கொடுத்தது மாமாதானே?

கொக்குவில் மேற்கு:
(இரண்டு நாள் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும்.) பெரியம்மாவிடம் கேட்டேன். மாமா 96இல் எழுதிய கடிதம் ஒன்று அவரிடம் இருக்கிறது. "வீடு பூட்டிக் கிடந்தால் கறையான் தின்றுவிடும், தங்கச்சி இருக்கட்டும், வடிவாகப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று எழுதியிருக்கிறார். அவர்களிடமும் நகல் இருக்கும் என்று நினைக்கிறேன். அனுமதி உண்மை.

சுன்னாகம் சந்தை:
நான் இங்கே எழுதுவதில்லை, வாசிக்க மட்டும் வருவேன். ஆனால் இந்த விஷயத்தில் அடிபட்டவன். எங்கள் அப்பாவின் வழக்கில் விளக்க நாள் காலை, விறாந்தையில் நின்றபடி இரண்டு சட்டத்தரணிமாரும் கதைத்து, காணியின் அடையாளம் இரு பக்கமும் ஏற்றதாகப் பதிந்தார்கள். அப்போது அது சின்ன விஷயமாகத் தெரிந்தது. நேரம் மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு வழக்காளியின் நில அளவைப் படத்தைக் கொண்டுபோய் வேலியில் வைத்துப் பார்த்தால், எங்கள் ஒழுங்கையும் கிணற்றுக் கட்டின் ஒரு பக்கமும் படத்துக்குள் போயிருந்தன. காணி இதுதான் என்று ஏற்றபிறகு, "இதில் கொஞ்சம் எங்களுடையது" என்று சொல்ல நீதிமன்றம் விடவில்லை. மேன்முறையீட்டிலும் விடவில்லை. அப்பா அந்த ஒழுங்கையைத் தாண்டும்போதெல்லாம் துப்பிவிட்டுத்தான் நடப்பார்.

முற்றத்து வேம்பு:
அடையாளத்தை ஏற்பது என்பது படத்தையும் கையில் பிடித்துக்கொண்டு ஏற்பது. எத்தனை கோவையில் இதைப் பார்த்திருக்கிறேன்! கட்சிக்காரர் வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார், உள்ளே காணி போய்விடும்.

கொக்குவில் தம்பிக்கு இரண்டு அலுவல் சொல்கிறேன். ஒன்று, காணிப் பதிவகத்தில் போய் 1972 உறுதி பதியப்பட்டதா என்று தேடுங்கள். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் ஒரு நாளில் முடியும். சில பழைய தாள்கள் கிழிந்து இருக்கும், சண்டை பிடிக்காதீர்கள், உறுதியின் இரண்டாம் பிரதி அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு, திருத்திய மறுமொழியின் வரைவைத் தயார்செய்து, எந்த வரி போகிறது, எந்த வரி வருகிறது என்று தெளிவாகக் காட்டி, மற்றத் தரப்புக்கு அறிவித்தலோடு சேர்த்துப் போட வேண்டும். "திருத்த அனுமதி வேண்டும்" என்று வெறும் விண்ணப்பம் மட்டும் போட்டால் கோவை தூங்கிவிடும்.

நாலாம் வருடம்:
பதியாவிட்டால் 1974 உறுதி முந்திவிடாதா?

கறுப்பு அங்கி:
ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டத்தின் 7ஆம் பிரிவு அந்த முன்னுரிமையைப் பெறுமதி கொடுத்து வாங்கியவருக்கே தருகிறது. மாமாவுக்குக் கிடைத்தது நன்கொடை. அதனால் பயம் குறைவு. இருந்தாலும் தேடுங்கள், பதிந்திருந்தால் பாதி வழக்கு பேசாமலே முடியும்.

பந்தி 5க்கு வருகிறேன், தூக்கம் கெடுக்கும் பகுதி இதுதான். பழைய மறுமொழியில் இரண்டு கதை ஒன்றோடொன்று மோதுகிறது. அனுமதியோடு வந்தோம் என்கிறீர்கள். பத்து வருடம் எதிராக ஆண்டோம் என்றும் சொல்கிறீர்கள். பத்து வருட ஆட்சிக்கு (காணியை வைத்து ஆள்வதற்கு) உரித்துத் தரும் 1871இன் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவு கேட்பது உரித்தாளருக்கு எதிரான ஆட்சி. அனுமதியில் உள்ளே வந்தவர், நான் இனி உன் அனுமதியில் இல்லை என்று வெளிப்படையாகக் காட்டிய ஒரு செயல் வேண்டும். சும்மா வருடங்கள் கடந்தால் போதாது. பிரிவி கவுன்சில் (அந்தக் காலத்தில் மேன்முறையீட்டின் கடைசிப் படி, இலண்டனில்) நகுதா மரைக்கார் வழக்கிலேயே சொன்ன விஷயம். அதோடு சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 116ஆம் பிரிவு: அனுமதியில் வந்தவர், அனுமதி தந்தவருக்கு அப்போது ஆட்சியுரிமை இல்லை என்று மறுக்க முடியாது.

இனி நீங்கள் பந்தி 5ஐ மறுக்கப் போனால் என்ன நடக்கும்? திருத்தம் கிடைத்தாலும் பழைய மறுமொழி கோவையிலேயே கிடக்கும். குறுக்கு விசாரணையில் அதை உங்கள் கையில் தந்து, "இது யார் சொல்லி எழுதியது?" என்று கேட்பார்கள். அடுத்ததாக மாமாவின் கடிதம். அதற்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து வரும் எதையும், 1972 உறுதியைப் பற்றிச் சொல்வதைக்கூட, நீதிபதி சந்தேகத்தோடுதான் கேட்பார்.

கொக்குவில் மேற்கு:
அப்படியானால் பந்தி 5ஐ விட்டுவிடவா? வீடு நிற்பது மேற்குப் பக்கத்தில், மாமாவின் பாதியில்.

ரொறன்ரோக் குளிர்:
இதைத்தான் நான் முதலே கேட்டேன், கொஞ்சம் கெட்ட குரலில். தவறாக எழுதியதைத் திருத்துவது ஒன்று. சரியாக எழுதியதை இப்போது விருப்பமில்லை என்று அழிப்பது வேறொன்று.

சுன்னாகம் சந்தை:
அண்ணை சொல்வது சரி. எனக்கு அப்பாவின் வழக்கில் கோபம் வந்ததே, அங்கே ஏற்றது பொய்யாக இருந்ததால்தான்.

நாலாம் வருடம்:
வேறு ஒரு வழி கேட்கிறேன். மறுமொழியைத் தொடாமல் விட்டுவிட்டு, எழுவினா எடுக்கும் நாளில் 1972 உறுதி பற்றி நேராக எழுவினா எழுப்பினால்? இலங்கை வங்கி எதிர் செல்லையாபிள்ளை வழக்கில், எழுவினாக்கள் வழக்குரைக்கும் மறுமொழிக்கும் உள்ளே அடங்கியிருக்க வேண்டியதில்லை என்று பிரிவி கவுன்சில் சொன்னது. யாழ்ப்பாணக் கிளை சம்பந்தப்பட்ட வழக்கு, அதனால் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஞாபகம்.

கறுப்பு அங்கி:
புதிய சட்ட அறிக்கை 64ஆம் தொகுதி, 25ஆம் பக்கம். உண்மைதான். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவின்படி நீதிபதிதான் எழுவினாக்களை வகுக்கிறார், சரியான தீர்ப்புக்கு எது தேவையோ அதை வைத்து. திருத்தம் தவறிப்போனவர்களுக்கு அது ஒரு பின்கதவு. ஆனால் இரண்டு சிக்கல். மறுமொழியில் "முழுக் காணிக்கும் உரித்தாளர் என்று ஏற்கிறேன்" என்று கிடக்கும்போது அதற்கு நேரெதிராக எழுவினா எழுப்பினால் மற்றச் சட்டத்தரணி உடனே எழும்புவார். ஏற்கப்பட்ட நிகழ்வை நிரூபிக்கத் தேவையில்லை என்று சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 58ஆம் பிரிவு அவருக்குக் கை கொடுக்கும். இன்னொன்று, 2 பரப்பு உங்களுடையது என்ற பிரகடனத்தை நீங்களே கேட்க வேண்டும். அதை மறுமொழியில் எதிர்க் கோரிக்கையாகக் கேட்காமல் எழுவினாவால் மட்டும் வாங்க முடியாது. முன்வாசல் திறந்திருக்கும்போது பின்வாசலில் ஏன் நிற்க வேண்டும்?

நாலாம் வருடம்:
சரி அண்ணா. ஆனால் பந்தி 4 சட்டமா நிகழ்வா என்பதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. "உரித்தாளர்" என்று சாதாரண ஆள் சொன்னால் அது நிகழ்வைச் சொல்வது போலத்தானே?

கறுப்பு அங்கி:
உங்களுக்குத் திருப்தி இல்லாததில் எனக்குத் திருப்தி. எதிர்த்தரப்பு அதைத்தான் வாதாடும். அதற்காகத்தான் 14க்கு முன் போகச் சொல்கிறேன். 93இன் முதலாம் உட்பிரிவில் சட்டமா நிகழ்வா என்ற பிரிப்பே இல்லை. மீளப்பெறுதல் என்ற சொல்லையே விண்ணப்பத்தில் பெரிதாக எழுத வேண்டாம். 1972 உறுதி கண்டெடுக்கப்பட்டது, அதனால் பந்தி 4ஐ இவ்வளவுக்கு மட்டும் ஏற்கிறோம், கிழக்கு 2 பரப்பை மறுக்கிறோம், அதற்குப் பிரகடனம் கேட்கிறோம். எப்போது, யார், எந்தப் பெட்டியில் எடுத்தார் என்று சத்தியக்கடதாசியில் சொல்லுங்கள். பெட்டியின் நிறம்வரை சொன்னாலும் பிழையில்லை. (எங்கள் சட்டத்தரணிமார் பலருக்கு இது பிடிக்காது, நீட்டி எழுதுகிறான் என்பார்கள்.)

இன்னொரு கவனம். அதே சட்டக்கோவையின் 46ஆம் பிரிவு, ஒரு தன்மையான வழக்கை அதற்கு முரணான இன்னொரு தன்மைக்கு மாற்றும் திருத்தத்தை வழக்காளியிடமிருந்து ஏற்பதில்லை. நீங்கள் எதிராளி என்றாலும் அந்த மனநிலை நீதிபதியிடம் இருக்கும். உங்கள் கதை தலைகீழாகாமல், ஒரு பாதி சேர்வதாகத் தெரிய வேண்டும்.

முற்றத்து வேம்பு:
பந்தி 5 பற்றி என் பங்குக்கு. "1996இல் மாமாவின் அனுமதியோடு மேற்குப் பக்கத்தில் உள்ள வீட்டில் இருந்தோம்" என்று எழுதலாமே? மறுக்கவும் இல்லை, கிழக்கையும் விட்டுக்கொடுக்கவில்லை. கிழக்குப் பக்கம் உங்கள் அம்மாவின் சொந்தக் காணி, சொந்தக் காணிக்குள் வர யாருடைய அனுமதி வேண்டும்?

கொக்குவில் மேற்கு:
ஐயா, இதை எங்கள் சட்டத்தரணியிடம் அப்படியே காட்டினேன். சிரித்துவிட்டு, "யார் இந்தக் கிழவர்?" என்று கேட்டார். ஆனால் வரைவில் அப்படித்தான் போட்டார். பத்து வருட ஆட்சி என்ற பந்தியை நாங்களாகவே எடுத்துவிட்டோம். காணிப் பதிவகத்தில் 1972 உறுதி பதியப்பட்டிருக்கிறது. மூன்றாம் நாள்தான் அகப்பட்டது, காணியின் பெயரை ஒரு எழுத்துப் பிழையோடு பதிந்திருந்தார்கள். விண்ணப்பம் 6ஆம் திகதி போட்டாகிவிட்டது.

ரொறன்ரோக் குளிர்:
பத்து வருடக் கதையை எடுத்தது நல்லது. மாமாவின் மகன் அதைப் பார்த்துத்தான் கொதித்திருப்பான். என்னிடம் கேட்டால் இப்போதே ஒருக்கா அவனுக்குத் தொலைபேசி எடுங்கள், உறுதியைப் படம் பிடித்து அனுப்புங்கள்.

கொக்குவில் மேற்கு:
வழக்கு நடக்கும்போது கதைக்கலாமா?

கறுப்பு அங்கி:
கதைக்கலாம். கோபத்தில் எதையும் எழுதி அனுப்பாதீர்கள், அதுவும் ஏற்பாகப் போய்விடும். எது ஏற்பு என்று சொல்லும் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 17ஆம் பிரிவை வாசித்துவிட்டு வட்ஸ்அப்பைத் தொடுங்கள்.

கொக்குவில் மேற்கு:
(இரண்டு மாதத்துக்குப் பிறகு) இழையை மேலே கொண்டுவருகிறேன், கேட்டவர்களுக்காக.

அவர்கள் ஆட்சேபம் போட்டார்கள், எதிர்பார்த்தபடி உவைஸ் தீர்ப்பைத்தான் கொண்டுவந்தார்கள். எங்கள் சட்டத்தரணி, எந்த நிகழ்வையும் நாங்கள் மீளப்பெறவில்லை, 1974 உறுதியும் அப்படியே, 96 அனுமதியும் அப்படியே, உறுதியின் விளைவைப் பற்றிய முடிவை மட்டும் திருத்துகிறோம் என்றார். நீதிபதி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் பக்கம் திரும்பி, "1972 உறுதி பொய் என்று சொல்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். அவர்கள் அறிவுறுத்தல் எடுக்க வேண்டும் என்றார்கள். அடுத்த தவணையில் திருத்தம் அனுமதிக்கப்பட்டது, வழக்குச் செலவு 15,000 ரூபாய் நாங்கள் கட்ட வேண்டும். மேன்முறையீட்டு அனுமதி கேட்க அவர்களுக்கு 14 நாள் இருந்தது, கேட்கவில்லை. பதில் மறுமொழி போட்டிருக்கிறார்கள், அதில் உறுதியை மறுக்கவில்லை, எல்லையை மட்டும் மறுக்கிறார்கள்.

மாமாவின் மகனோடு கதைத்தேன். அரை மணி நேரம் அம்மாவைப் பற்றித்தான் பேசினான். காணிப் பேச்சு கடைசி ஐந்து நிமிடம். இப்போது இரு பக்கமும் சேர்ந்து நில அளவையாளருக்கு ஆணை கேட்கப் போகிறோம்.

சுன்னாகம் சந்தை:
படம் வந்ததும் கையில் வாங்கி வேலியோரம் நடந்து பாருங்கள் தம்பி. கிணறு, ஒழுங்கை, தண்ணீர் ஓடும் வாய்க்கால், எல்லாம். அதுவரை அடையாளத்தை ஏற்றதாக ஒருவரும் பதிய வேண்டாம்.

கொக்குவில் மேற்கு:
நடுவில் பூவரசு வேலி ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் பட்டுப்போய்விட்டது, அதை இப்போது புதுப்பிக்கலாமா?

முற்றத்து வேம்பு:
அளவையாளர் வந்து போகும்வரை ஒரு வேலிக் கதியால்கூட ஊன்றாதீர்கள். பட்ட மரத்தையும் பிடுங்க வேண்டாம், அவருக்கு அதுதான் அடையாளம்.